ஒன்பதரைக்கு வரும் கை

சார், உங்க போன்ல நெட் வருதா? தப்பா நினைக்காதீங்க. விழுப்புரம் தாண்டுனதுலேருந்து கேக்கணும் கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்து முழுங்கிட்டேன். என்னோடது இன்னைக்கு உள்ளது முடிஞ்சுபோச்சுன்னு மெசேஜ் வந்துருச்சு. மணி பத்தடிக்கறதுக்குள்ள ஒரு நாள் கோட்டா மொத்தமும் காலி. ஹாட்ஸ்பாட்னு ஒண்ணு இருக்காம்ல, அதைக் கொஞ்சம் போட்டுவிட்டீங்கன்னா ரெண்டே நிமிஷம். சினிமா பாக்க இல்ல சார். வீட்டுல மீன் இருக்கு. அதைப் பாக்கணும்.

சிரிங்க, பரவாயில்ல. எம் பொண்ணும் இப்படித்தான் சிரிச்சா. காலையில சிரிக்கல, கத்துனா. அது வேற கதை.

பேரு பஞ்சநதம். திருச்சி, கருமண்டபம். கரண்ட் ஆபீஸ்ல சப்-ஸ்டேஷன் ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனேன். முப்பத்திரெண்டு வருஷம் மீட்டர் முள்ளையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்த ஆளு நான். மணிக்கொரு தரம் ரீடிங் எழுதணும். முள்ளு ஒரு நூல் அசைஞ்சா போதும், எந்த லைன்ல என்ன கோளாறுன்னு சொல்லிருவேன். என் கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போகாது. பெருமைக்குச் சொல்லல, எங்க அதிகாரியே பத்துப் பேருக்கு முன்னாடி சொன்னாரு.

கனெக்ட் ஆயிருச்சா? சுத்துது. சுத்தட்டும். இந்த ஏரியாவுல டவர் கம்மி.

ரிட்டயர் ஆனதும் பாக்குறதுக்கு ஒண்ணு வேணும்ல சார். மூணடித் தொட்டி ஒண்ணு வாங்கினேன். கோல்டு ஃபிஷ் அஞ்சு. அதோட கண்ணு ரெண்டும் வெளிய துருத்திக்கிட்டு நிக்கிற கறுப்பு மீன் ஒண்ணு, அவன் பேரு முட்டைக்கண்ணன். அதுக்கெல்லாம் மூளையே கிடையாதும்பாங்க. சுத்தப் பொய். அதுங்களுக்கு ஆளைத் தெரியும். தீனி போடுற ஆளு எந்தப் பக்கம் இருக்காங்களோ அந்தப் பக்கம் வந்து கண்ணாடியில மூக்கை முட்டிக்கிட்டு நிக்கும். நீங்க இப்படிப் போனா அதுங்களும் இப்படிப் போகும், அப்படிப் போனா அப்படி. ஆளு இல்லைனா தொட்டி பூரா பரவிக் கல்லை மேஞ்சுக்கிட்டு இருக்கும். அதைப் பாத்தே ஹால்ல ஆளு இருக்கா இல்லையான்னு நான் அடுப்படியிலேருந்து சொல்லிருவேன். மீட்டர் மாதிரிதான்.

இப்ப அதுங்களைப் பாக்கத்தான் கேமரா. வயர் இல்லாதது, இத்தனூண்டு இருக்கும். மெட்ராஸ் கிளம்புறதுக்கு முன்னாடி வாங்கி மாட்டினேன். கடையில சுத்தித் திரும்புற மாதிரியும் ஒண்ணு காட்டினான். எதுக்குங்க, மீன் தொட்டி எங்க நடந்து போகப்போவுதுன்னு சொல்லிட்டேன். எதிர்த்தாப்புல ஷோகேஸ்ல வச்சு, தொட்டியைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதபடி அளவெடுத்து ஒட்டுனேன். சோபா தெரியக்கூடாது, தரை தெரியக்கூடாது, ஆளு தெரியக்கூடாது. எனக்கு மீன் போதும்.

வீட்டுல யாரும் இல்லையான்னா கேக்குறீங்க? இருக்கா. எங்க வீட்டுக்காரி இருக்கா. தையல்நாயகி.

அவளை விட்டுட்டு ஏன் நான் மட்டும் பேத்தி காதுகுத்துக்குப் போனேன்னு கேப்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. நான் என்ன பண்ண முடியும் சார்? அவ என்கூடப் பேசி நாப்பத்தேழு நாள் ஆகுது. நானும் பேசல. பொங்கலுக்கு முன்னாடி சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருந்தப்ப, பேச்சுவாக்குல, "இந்த வீட்டுல என் பேச்சைக் கேக்குறது மீன் மட்டும்தான்"ன்னு சொன்னேன். சும்மா ஒரு தமாஷ். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்ச மாதிரிதான் காபி குடுத்தா. அவங்க வண்டி தெரு திரும்பினதும் கதவைச் சாத்திட்டு வந்து நின்னா. "அப்ப இனிமே மீன்கிட்டயே பேசிக்கங்க"ன்னா. அதோட சரி.

ஆனா ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரு இருந்துக்கிட்டு எப்படிப் பேசாம இருக்க முடியும்? சோறு இருக்கு, தண்ணி இருக்கு, கேஸ் சிலிண்டர் இருக்கு. அதனால தொட்டிக்கு முன்னாடி நின்னு பேசுவா. "டேய் முட்டைக்கண்ணா, உங்கப்பா சட்டை ஊறுது, எடுத்துக் காயப்போடச் சொல்லு." நான் அந்தப் பக்கத்துலேருந்து, "உங்கம்மாகிட்ட சொல்லுடா, மழை வர்ற மாதிரி இருக்கு, நாளைக்குக் காயப்போடலாம்." இப்படியே ஓடுச்சு. உங்க வீட்டுல புள்ளையை வச்சு ஜாடை பேசுவாங்க, எங்க வீட்டுல மீனை வச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்.

காதுகுத்துக்கும் அப்படித்தான் சொன்னேன். "டிக்கெட் ரெண்டு போட்டிருக்கு, வர்றவங்க வரலாம்"னு மீன்கிட்ட சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "கூப்பிட வேண்டியவங்க மூஞ்சியைப் பாத்துக் கூப்பிட்டாத்தான் நான் வருவேன், உங்கப்பாகிட்ட சொல்லு"ன்னா. கட்டின பொண்டாட்டியை நான் வெத்திலை பாக்கு வச்சு அழைக்கணுமா சார்? சரி, ஒரு விதத்துல நல்லதுதான், மீனுக்குத் தீனி போட ஆளு வேணும்ல, இருந்துக்கட்டும்னு கிளம்பி வந்துட்டேன். போன் பண்ணா எடுக்கமாட்டா. நானும் பண்ணல. கேமரா இருக்குல்ல.

இன்னும் சுத்துது பாருங்க. உளுந்தூர்பேட்டை வந்தா வருமா?

தினமும் காலையில ஒன்பதரைக்கு கை வரும் சார். அவ நிக்கிறது இடது பக்கம், மூடி அந்தப் பக்கம்தான் திறக்கும். அதனால ஆளு தெரியாது, கை மட்டும் வரும். ரெண்டு தங்க வளையல், நடுவுல ஒரு பச்சைக் கண்ணாடி வளையல். ஒரு சிட்டிகை தீனி, அப்புறம் இன்னொரு சிட்டிகை. பாருங்க, பாக்கெட் நோட்டுல எழுதி வச்சிருக்கேன், கை பழக்கம் போகல. முதல் நாள், ஒன்பது முப்பது, கை வந்தது. ரெண்டாம் நாள், ஒன்பது முப்பத்தி ரெண்டு. மூணாம் நாள், ஒன்பது முப்பத்தெட்டு. தீனி போட்டதும் கை போயிடாது. மூடி மேலயே இருக்கும். விரலை இப்படி இப்படி ஆட்டும், மீனை என்னமோ திட்டுற மாதிரி. ரெண்டு நிமிஷம், அஞ்சு நிமிஷம் கூட நிக்கும். வேலைவெட்டி இல்லாம என்ன பண்றான்னு நினைச்சுக்குவேன்.

நேத்து என்ன ஆச்சுன்னா, ஒன்பதே முக்காலுக்குத்தான் கை வந்துச்சு. வந்தது நடுங்குச்சு. தீனி பாதி தண்ணியில, பாதி வெளிய. அப்புறம் ஒரு கொத்து அப்படியே உள்ள விழுந்துருச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அவ்வளவு தீனி விழுந்தா தண்ணி கெட்டுப்போகும் சார், ஒரே ராத்திரியில எல்லாம் மிதந்துரும். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்ல. தண்ணி என்ன ஆகுமோ, மீன் என்ன ஆகுமோன்னு புரண்டுக்கிட்டே கிடந்தேன். விடிஞ்சதும் பையைத் தூக்கிட்டேன். நாளைக்குக் காதுகுத்து. "பேத்தி காதுகுத்தை விட்டுட்டு மீனைப் பாக்கப் போறியாப்பா"ன்னு எம் பொண்ணு சிவப்பிரியா ஒரே கத்து. ஆமா, மீனுக்காகத்தான் போறேன்னு சொல்லிட்டு தாம்பரத்துல ஏறிட்டேன். மீனுக்காகத்தான் சார்.

இன்னைக்கு ஒன்பதரைக்குப் பாத்தேன். கை வரல.

ஒன்பதே முக்கால். வரல. சரி, வர்ற வரைக்கும் பாப்போம்னு வச்ச கண்ணு எடுக்காம பாத்தேன், அதுலதான் நெட்டு தீந்துச்சு. நான் போன் பண்ணாம இருக்கல. மாடியில குடியிருக்குற ரெஹானாவுக்குப் பண்ணேன். நல்ல பொண்ணு, வாத்தியாரம்மா, இன்னைக்கு லீவு. "அம்மா ரெஹானா, ஹால் ஜன்னல் வழியா மீன் தொட்டியைக் கொஞ்சம் பாரும்மா"ன்னேன். பாத்துட்டு, "மீனெல்லாம் நல்லாத்தான் இருக்கு அங்கிள், நீந்துது"ன்னுச்சு. "ஆன்ட்டியைக் கூப்பிடவா"ன்னு கேட்டுச்சு. வேணாம்மா வேணாம், மீன் நல்லா இருந்தா போதும்னு வச்சுட்டேன். பின்ன என்ன சார்? நான் விசாரிச்சேன்னு அவளுக்குத் தெரிஞ்சா, ஜெயிச்சுட்டோம்னு நினைச்சுக்குவா.

வந்துருச்சு! வந்துருச்சு சார், படம் வந்துருச்சு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். பாருங்க, எப்படி இருக்கு தொட்டி? அந்தக் கறுப்புதான் முட்டைக்கண்ணன்.

கை இல்ல. மணி என்ன, பத்து இருபதா? தீனி போட்ட அடையாளமும் இல்ல. போட்டிருந்தா மேல மிதக்கும்.

இதென்ன இப்படி நிக்குதுங்க? இதைப் பாருங்க சார். இடது பக்கம் மூலையில ஆறும் ஒண்ணு மேல ஒண்ணா குவிஞ்சு கிடக்குது. ஒன்பதரைக்குப் பாத்தப்பவும் இதே மூலைதான். நான் தண்ணி கெட்டுப்போச்சோன்னுதான் நினைச்சேன். ஆனா தண்ணி கெட்டா மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இதுங்க அடியில கிடக்குதுங்க. தலை கீழ. வாலு மேல. கண்ணாடியோட அடி ஓரத்துல மூக்கை வச்சுக்கிட்டு... என்ன நோயி இது? வெள்ளைப் புள்ளி நோயின்னா உடம்பைக் கல்லுல தேய்க்கும். இது தேய்க்கல. அசையவே இல்ல. ரெஹானா நீந்துதுன்னு சொல்லுச்சே, எங்க நீந்துது?

என்ன சார்? யாரு நிக்கிறாங்களா? அங்க யாரும் நிக்கல சார். நின்னா கை தெரியும், இல்ல புடவைத் தலைப்பாவது கண்ணாடியில தெரியும். நான்தான் சொன்னேனே, ஆளு நின்னா மூஞ்சிக்கு நேரா மேல பாத்துக்கிட்டு நிக்கும். இதுங்க கீழ பாத்துக்கிட்டு...

கீழ பாத்துக்கிட்டு நிக்குது.

சார்.

சார், அங்க கீழ தரைதான் இருக்கு. தரை, ரெஹானா பாத்த ஜன்னல்லேருந்தும் தெரியாது, கேமராவுலயும் தெரியாது. நான்தான் தெரியாம வச்சேன்.

இல்ல இல்ல, அப்படி இருக்காது. அவ பூஜையில இருப்பா. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. இல்ல கடைக்குப் போயிருப்பா. கடைக்குப் போயிருந்தா மீனு பரவி மேயணுமே? ஒன்பதரைலேருந்து ஒரே மூலையில... ஒரு மணி நேரமா ஒருத்தி தரையில உக்காந்து என்ன பண்ணுவா? முட்டிவலிக்காரி, தரையில உக்காரவே மாட்டா சார். போன் கீழ விழுந்துரும், நீங்க பிடிங்க.

என்ன? சவுண்டா? சவுண்டு வரும். அமத்திதான் வச்சிருக்கேன். சவுண்டு வச்சா நெட்டு ரெண்டு மடங்கு ஓடும்னு கடைக்காரன் சொன்னான், அதுவும் போக தொட்டி மோட்டார் சத்தம் கொடகொடன்னு, அதை என்னத்தைக் கேக்குறதுன்னு முதல் நாளே அமத்திட்டேன். எது, இந்த ஸ்பீக்கர் படமா? அமுக்குங்க.

மோட்டார்தான். வேற ஒண்ணும் இல்ல. நீங்க கிட்ட வச்சுக் கேளுங்க.

ஆமா, அவ நம்பர் இருக்கு. என் நம்பர்லேருந்து பண்ணா எடுக்கமாட்டா. உங்களோடதுலேருந்து பண்றீங்களா? பண்ணுங்க சார், பண்ணுங்க. ஒன்பது நாலு நாலு... இருங்க, எனக்கு மனப்பாடம்தான், வாய் வரமாட்டேங்குது. இந்தாங்க, நோட்டுல கடைசிப் பக்கத்துல இருக்கு.

ரிங் போகுதா?

அய்யோ. கேட்டீங்களா? கேமராவுல கேக்குதே! குருவிச் சத்தம். பேத்தி வச்சுக்குடுத்த குருவிச் சத்தம் சார், அவ போன்தான். அங்கதான் இருக்கு, தொட்டிக்குப் பக்கத்துலயே கத்துது. போனைக் கையிலேருந்து கீழ வைக்கமாட்டா சார், குளிக்கப் போனாக்கூட வாசல்ல வச்சுட்டுத்தான் போவா. எடு. எடுடி. எடுத்துத் தொலையேன்.

நின்னுபோச்சு.

ரெஹானா. ரெஹானாவுக்கு உங்க போன்லயே போடுங்க, இதை அணைச்சா படம் போயிரும். இந்த நம்பர். ஸ்பீக்கர்ல போடுங்க. அம்மா ரெஹானா! மாடி அங்கிள், இல்ல, கீழ் வீட்டு அங்கிள்மா. ஆன்ட்டி... ஆன்ட்டி தரையில விழுந்து கிடக்குறா. ஆமா, மீன் சொல்லுது. அதெல்லாம் அப்புறம் கேளும்மா! முன்கதவு உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கும், அதோட மல்லுக்கட்டாத. பின்னாடி அடுப்படிக் கதவுக்குப் போ. அந்தத் தாழ்ப்பாள் சரியில்ல, ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கா, நான்தான் மாத்தல. தோளு குடுத்து ஒரு தள்ளு தள்ளுனா திறந்துரும். ஓடு. போனை வைக்காத.

படிக்கட்டுல ஓடுறது கேக்குது.

என்ன சார்? மைக்கா? அதுல பேசுனா வீட்டுல கேக்குமா? தெரியும், கடைக்காரன் காட்டினான். நான் அமுக்கினதே இல்ல. என்ன பேசுறது சார்? நாப்பத்தேழு நாளாச்சு, திடீர்னு என்னன்னு ஆரம்பிக்கிறது? நீங்க சொல்லுங்க. நீங்க பேசுங்க. சரி, நானே பேசுறேன். அமுக்கிட்டீங்களா?

டேய்... டேய் முட்டைக்கண்ணா. உங்கம்மா என்னடா பண்றா?

பாத்தீங்களா, மிரண்டு போய் எல்லாம் சிதறுது. என் சத்தம் கேட்டுருச்சு. பாருங்க. சுத்துது, சுத்திட்டு... அங்கயேதான் வருது. அதே மூலைக்குத்தான் வருது சார்.

தையலு. தையலு, நான்தான். நான்தான் பேசுறேன், மீன்கிட்ட இல்ல, உன்கிட்டத்தான். கேக்குதா? வந்துக்கிட்டிருக்கேன், விருத்தாசலம் வரப்போவுது. எழுந்திரிக்க வேணாம், அப்படியே இரு. ரெஹானா வருது.

சார், அதென்ன? அந்த ஓரத்துல. அடி ஓரத்துல, கண்ணாடிக்கு வெளிய. விரலு! விரலு சார்! பச்சை வளையல் தெரியல, ஆனா விரலு. நகத்துல மருதாணி பாருங்க. ஸ்டாண்டைப் பிடிக்கப் பாக்குறா. வழுக்குது. தையலு, வேணாம், பிடிக்காத, இரு. போயிருச்சு. கை கீழ போயிருச்சு.

கதவு இடிக்கிற சத்தம்தானே அது? ஆமா, கதவுதான். தள்ளும்மா. தள்ளு! திறந்துருச்சு, திறந்துருச்சு.

ரெஹானா, என்னம்மா? சொல்லும்மா, எதுவா இருந்தாலும் சொல்லு.

மூச்சு இருக்கா? மூச்சு இருக்குங்குது சார். கண்ணு திறந்திருக்கு. வாய் ஒரு பக்கமா இழுத்த மாதிரி இருக்குங்குது. பேச்சு குழறுதாம். தண்ணி குடுக்காதம்மா, தண்ணி எதுவும் குடுக்காத, எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இப்படித்தான் ஆச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வை. நூத்தியெட்டுக்குப் போடு. முனையில ஆட்டோ நிக்குமா? எது முதல்ல வருதோ அதுல தூக்கிட்டுப் போயிரு. யாரு, பால்கார அம்மாவா? கூப்பிட்டுக்க, நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் பிடிங்க.

காலு தெரியுது. ரெஹானா காலு. தூக்குறாங்க. நம்ம படத்துல ஒண்ணுமே தெரியல சார், தொட்டிதான் தெரியுது. ஆனா மீனைப் பாருங்க. மீனைப் பாருங்களேன். ஆறும் மேல வருது. அவளைத் தூக்கத் தூக்க அதுங்க மேல வருது. இப்ப நடக்குறாங்க, வலது பக்கமா வாசலுக்குப் போறாங்க. எல்லாம் கண்ணாடியை ஒட்டிக்கிட்டு பின்னாடியே போகுது பாருங்க, வரிசையா. கடைசி மூலை வரைக்கும் போயிருச்சு. அதுக்கு மேல போக முடியாது. மூக்கை முட்டிக்கிட்டு நிக்குது.

ரெஹானா, ஆஸ்பத்திரி போனதும் எனக்குப் போடு. என் நம்பர்ல போடும்மா. அவகிட்ட சொல்லு... ஒண்ணும் இல்ல, நீ போ.

இப்ப பரவுது. பாருங்க, ஒவ்வொண்ணாப் பிரிஞ்சு போகுது. ஒண்ணு கல்லை மேயுது. வீட்டுல யாரும் இல்ல சார். யாருமே இல்ல.

எப்ப விழுந்தான்னு தெரியணும். டாக்டர் அதைத்தான் கேப்பாராம், ரெஹானா சொல்லுச்சு, எத்தனை மணிக்கு விழுந்தாங்கன்னு. நான்தான் பாத்துக்கிட்டே இருந்தேனே, எனக்குத் தெரியணுமே. ஒன்பதரைக்குப் பாக்குறப்பவே மீன் மூலையிலதான். அதுக்கு முன்னாடி நான் பாக்கல, டிக்கெட் காட்டிக்கிட்டு இருந்தேன். பழசு எடுத்துப் பாக்கலாமா? ஆமா, கார்டு ஒண்ணு போட்டிருக்கான் உள்ள, அசையுறப்ப எல்லாம் பதிஞ்சு வைக்கும்னான். எனக்கு எடுக்கத் தெரியாது. நீங்க எடுங்க. தேதி வாரியா இருக்கா? இன்னைக்கு. சரி, எது கடைசின்னு பாருங்க.

இல்ல சார், இது நேத்து. தீனி கொட்டுது பாருங்க, நேத்துதான். நடுங்குது. இதைப் பாத்துத்தான் நான் திட்டுனேன். மாத்துங்க, இன்னைக்கு உள்ளதைப் போடுங்க.

இருங்க. இருங்க, மாத்தாதீங்க. பேசுறா.

சவுண்டைக் கூட்டுங்க. மோட்டாருக்கு நடுவுல கேக்குது, அவதான். "டேய்... உங்கப்பாகிட்ட சொல்லுங்கடா... பிரஷர் மாத்திரை திங்கக்கிழமையோட தீந்துருச்சுன்னு..." மாத்திரை நான்தான் வாங்குவேன் சார். அட்டை தீந்ததுன்னா வெறும் அட்டையைத் தொட்டி மேல வைப்பா, நான் எடுத்துட்டுப் போய் வாங்கியாருவேன். இந்தத் தடவை... ஊருக்குப் போற அவசரத்துல எத்தனை மிச்சம்னு பாக்கல... அங்க பாருங்க, மூடி மேல. வெள்ளியா மின்னுதே, அதான் அட்டை. நாலு நாளாப் படத்துலயே இருக்கு. நான் அதை விளக்கு வெளிச்சம்னு நினைச்சேன். என் கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போகாதுன்னு சொன்னேன்ல உங்ககிட்ட?

உஷ். இன்னும் பேசுறா.

"...தலை சுத்துதுடா. கை மரத்துப்போன மாதிரி இருக்கு..." மெதுவா, மெதுவா. நிறுத்திட்டா. கை மூடி மேலயே இருக்கு. போகல. என்ன பண்றா? கேமரா பக்கம் திரும்புறா போல, சத்தம் கிட்ட வருது.

"ஏங்க."

சார், கேட்டீங்களா?

"ஏங்க... கேக்குதா? எனக்கு ஒரு மாதிரி பயமா வருதுங்க. நீங்க வந்துருங்களேன்."

மீன்கிட்ட இல்ல சார். என்னைக் கூப்பிட்டிருக்கா. நாப்பத்தேழு நாள் கழிச்சு ஏங்கன்னு என்னைக் கூப்பிட்டிருக்கா. நேத்தே கூப்பிட்டிருக்கா. நான் அங்க பெருங்களத்தூர்ல பொண்ணு வீட்டு சோபாவுல உக்காந்து, இதே கையைப் பாத்துக்கிட்டு, நோட்டுல டைம் எழுதிக்கிட்டு இருந்தேன். எழுதியிருக்கேன் பாருங்க. ஒன்பது நாப்பத்தஞ்சு, கை வந்தது, தீனி கொட்டியது.

பயமா இருக்குங்குறா சார். எனக்கும் பயமா இருக்கு. அவகிட்ட சொல்லணும். இந்தா வந்துட்டேன்னு சொல்லணும். அவ்வளவுதான், வேற ஒண்ணும் வேணாம்.

வண்டி ஏன் சார் நின்னுருச்சு? ஸ்டேஷன் ஒண்ணும் காணோமே. ஏன் சார் நிக்குது?